ஒரே சங்கிலி

கப்பல் வந்த மூன்றாம் நாள் காலை எரிவாயு லொறி சந்திக்கு வந்தது. வரிசையில் விட்டுப்போன வெற்றுச் சிலிண்டர்கள் களவு போகாமலிருக்க, எல்லோரும் அவற்றை இரண்டிரண்டாகச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டியிருந்தார்கள். மலர்விழி தங்கள் சிலிண்டரை அருள்நேசனுடையதோடு பிணைத்திருந்தாள். அவளை முதலில் பெண் கேட்டு வந்தவன் அவன். அந்தச் சங்கிலியைப் பார்ப்பதற்காகவே அவள் கணவன் யோகராசன் தினமும் சந்திக்குப் போய்வந்தான்.

மற்றவர்கள் பூட்டைத் திறந்து சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு போனார்கள். மலர்விழி கைப்பையைத் தரையில் கொட்டிப் பூட்டின் திறப்பைத் தேடினாள்.

"ரெண்டுக்கும் பிரிய மனமில்லையாக்கும்," என்றாள் பின்னால் நின்றவள். வரிசை சிரித்தது. அருள்நேசனும் சிரித்தான்.

காலையில் யோகராசன்தான் திறப்பை எடுத்து வைத்திருந்தான். அவர்கள் இருவரும் ஒன்றாகக் குனிந்து பூட்டைத் திறக்கக்கூடாது என்பதற்கு மேல் அவன் எதையும் யோசித்திருக்கவில்லை.

லொறியில் நாலைந்து சிலிண்டர்களே மிச்சம். அடுத்த கப்பலுக்குக் கொடுக்க நாட்டிடம் டொலர் இல்லையாம். ஈர விறகை ஊதிச் சிவந்த கண்களால் மலர்விழி பக்கத்தில் நின்ற யோகராசனைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பொக்கற்றுக்குள்ள இருந்து அந்தக் கையை ஒருக்கா எடுங்கோவன்."