நாலாவது ரவுட்டர்

காலையிலிருந்து கணினி முன் குனிந்திருந்த ஜெயகௌரிக்குப் பிடரி விண்விண்ணென்று வலித்தது. அவள் வடிவமைக்கும் சிப்புக்குள் தரவை வழிகாட்டி அனுப்பும் நாலு ரவுட்டர்கள். அடுத்தது வழிவிடட்டும் என்று ஒவ்வொன்றும் காத்து நிற்க, தரவெல்லாம் முடங்கிக் கிடந்தது.

"இன்னும் முடியேல்லையோ பிள்ளை?" போனை வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள் தாய் கத்தரின்.

"ஒண்டு விட்டுக்குடுத்தால் எல்லாம் ஓடுமம்மா. எது எண்டுதான் பிடிபடேல்லை."

"இங்கயும் அதுதான். அப்பான்ர ஆண்டு நினைவுப் பூசைக்குக் கொண்ணன் வந்தால்தான் கொக்கா வருவாளாம். தம்பி வந்தால்தான் கொண்ணன் வருவானாம்."

"அண்ணனும் அக்காவும் வீம்பு பிடிச்ச சனம்! அக்கா வராட்டி நானும் வரமாட்டன். தம்பி என்னவாம்?"

"தன்னைக் கள்ளன் எண்ட வாய் மன்னிப்புக் கேக்கட்டுமாம்."

ஜெயகௌரி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பிதான் எடுத்தான் என்று அவள் பழிசொன்ன சங்கிலி அவளுடைய அலுமாரிக்குள்ளேயே கிடைத்து எட்டு மாதமாகிறது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. தம்பியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.