லிட்டருக்கு ஏழு

“திருட்டுப்பய! பெட்ரோலைக் குடிக்கிறது காரு இல்லடா, நீ!”

ரெங்கசாமி போட்ட சத்தத்தில் வாசலில் மேய்ந்த கோழியெல்லாம் தெறித்து ஓடின. டிரைவர் பக்கிரிக்கு முகம் செத்துப்போச்சு. பதினாலு வருஷமாக இந்த வீட்டுக் காரை ஓட்டுகிறவன். திருடன் என்ற பேர் ஒட்டிக்கொண்டால், கீழ்வேளூரிலிருந்து சீர்காழி வரைக்கும் ஒருத்தரும் கார் சாவியைக் கையில் கொடுக்கமாட்டார்கள்.

வினையைக் கொண்டுவந்தவர் ரெங்கசாமியின் மச்சினர் ஐயாவு. புதுசாகக் கல்கத்தாக் கார் வாங்கியிருந்தார். வாங்கினோமா, வீட்டில் நிறுத்தினோமா என்று கிடக்கக் கூடாதா? ஓட்டிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டார்.

“அத்தான், நம்ம காரு லிட்டருக்குப் பத்து தருது. உங்க அமெரிக்காக் கப்பல் என்ன தருது?”

“கல்கத்தாவுல செஞ்சதெல்லாம் ஒரு காரா மாப்ளே? கதவைச் சாத்தினா தகரக் கொட்டாய் மாதிரி சத்தம். இதைப் பாரு, சாத்தினதே தெரியாது.”

“கதவைச் சாத்திச் சாத்தித் திறக்கவா கார் வாங்கினீங்க? மைலேஜைச் சொல்லுங்க.”

பெட்ரோல் விலை கண்ணாபின்னாவென்று ஏறியிருந்த வருஷம் அது. ரெங்கசாமியின் கார் லிட்டருக்கு நாலு கிலோமீட்டரைத் தாண்டியதே இல்லை. ஆனால் காரோடு வந்த புத்தகப்படி ஏழு ஓட வேண்டும். அமெரிக்காக்காரன் பொய் சொல்வானா? மாட்டான். அப்படியானால் பாக்கிப் பெட்ரோல் எங்கே போச்சு? டிரைவர்தான் அடிக்கிறான் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

பக்கிரி கையெடுத்துக் கும்பிட்டான்.

“ரெண்டு காருக்கும் டேங்கைச் சுத்தமா வடிச்சுட்டு ஒரு லிட்டர் ஊத்திப் பாருங்கய்யா. நம்ம காரை நீங்களே ஓட்டுங்க. ஏழு ஓடிச்சுன்னா நான் திருடன்தான். நாலுல நின்னா, திருடன் இல்லைன்னு உங்க வாயால சொல்லிடுங்க. அது போதும்.”

“சொல்றேன்டா! முதல்ல ஊத்து!”

பக்கிரிதான் இரண்டு காருக்கும் அளந்து ஊற்றினான். நாகப்பட்டினம் ரோட்டில் பந்தயம் கிளம்பியது. அமெரிக்காக் காரில் ரெங்கசாமி ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், பக்கத்தில் பக்கிரி. கல்கத்தாக் காரை டிரைவர் மருதையன் ஓட்ட, ஐயாவு பின்சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். நாற்று பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள்கூட நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

முதல் கல்லு. ரெண்டாவது. மூணாவது.

நாலாவது கிலோமீட்டர் கல்லைத் தொட்டதும் அமெரிக்காக் கார் ரெண்டு தடவை இருமியது. நடுரோட்டிலேயே படுத்துவிட்டது.

கல்கத்தாக் கார் தாண்டிப் போய், ஆறாவது கல்லில் திரும்பி, மறுபடி இவர்கள் பக்கத்திலேயே வந்து நின்றது. இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“என்ன அத்தான், ஏழாவது கல்லுல காத்திருக்கவா, இங்கேயே இருக்கவா?” என்றார் ஐயாவு.

பக்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, பேர் பிழைத்தது!

“சொல்லிடுங்கய்யா” என்றான்.

ரெங்கசாமி கீழே இறங்கினார். மச்சினர் சிரிப்பைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

“ஊத்துறப்பவே அடிச்சுட்டியேடா, படுபாவி! அத்தனை பேரு பார்க்கப் பார்க்க அரை லிட்டரை அமுக்கிட்டான் மாப்ளே. இனிமே என் வீட்டு வாசல்ல நீ நிக்கக் கூடாது. போடா, திருட்டுப்பயலே!”

பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். குரல் ரொம்பப் பணிவாக வந்தது.

“சரிங்கய்யா. நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன். ஆனா திருடன் பேர்ல உங்க நிலம் இருக்கக் கூடாதுங்களே.”

“என்னடா சொல்றே?”

“நில உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப, சர்க்கார் எடுத்துக்கக் கூடாதுன்னு என் பேர்ல ஆறு ஏக்கர் எழுதி வச்சீங்களே, அதைச் சொல்றேன். விவசாயச் சங்கத்து வீரையன் என்னைப் பார்க்கிறப்பல்லாம் கேக்கறாரு, ‘என்ன பக்கிரி, உன் நிலத்துல என்ன போட்டிருக்கே’ன்னு. உங்க உப்பைத் தின்னவன், வாயைத் திறக்கலை. இனிமே அது தர்மம் இல்லீங்க. இப்படியே பஸ் ஏறித் தாசில்தார்கிட்ட போறேன். ‘இது என் நிலம் இல்லீங்க, எங்க ஐயா நிலம், திருப்பி அவர் கணக்குலேயே சேர்த்துடுங்க’ன்னு கைநாட்டு வச்சுட்டு வந்துடறேன்.”

ரெங்கசாமி மனசுக்குள் கணக்குப் போட்டார். பக்கிரியின் ஆறு ஏக்கர் மட்டுமா? சமையல்காரி பேரில், மாடு மேய்ப்பவன் பேரில் என்று ஒவ்வொன்றாய் வெளியே வருமே!

சட்டென்று திரும்பிக் கார் டயரை ஓங்கி ஓர் உதை விட்டார்.

“அமெரிக்காக்காரன் பச்சைத் திருடன்யா! நாலு ஓடுற காருக்கு ஏழுன்னு அச்சடிச்சு அனுப்பியிருக்கான் பாரு, கட்டையில போறவன்! பக்கிரி, தம்பி, உன்னை யாரு திருடன்னு சொன்னது? தங்கமய்யா நீ! ஏறு, ஏறி உக்காரு!”

பின்னாலிருந்து நாகப்பட்டினம் பஸ் ஹாரன் அடித்தது. கார் நடுரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

“நீ ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கய்யா, நான் தள்றேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டினார் ரெங்கசாமி.

ஐயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அடேய் மருதையா! அத்தான் ஒண்டியாத் தள்றாரு பாரு, இறங்கிப் போய் ஒரு கை குடுடா!”

மருதையன் அசையவில்லை. கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தான்.

“நம்ம வீட்டுல என் பேர்ல எட்டு ஏக்கருங்களே, ஐயா?”

ஐயாவு வெற்றிலையைத் துப்பிவிட்டு இறங்கிப் போய், அத்தான் பக்கத்தில் நின்று அமெரிக்காக் காரைத் தள்ள ஆரம்பித்தார்.