ஒற்றைக் கோடு

காங்கோவில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த தமயந்தியின் கணவன் லேப் பெஞ்சில் உட்கார்ந்து குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான். மலேரியா பரிசோதனை அட்டையில் ஒற்றைக் கோடு மட்டும் விழுந்தது. “இல்லைன்னுதானேக்கா அர்த்தம்?” என்றாள் தமயந்தி. “அட்டை அப்படித்தான் சொல்லுது. மைக்ரோஸ்கோப்லயும் பாத்துடறேன்” என்று லேப் எஸ்தர் குனிந்தாள். “பிள்ளை உண்டாயிருக்கான்னு பாக்கற அட்டையில ஏழு வருஷமா ஒத்தக் கோடுதான்க்கா. பாத்துப் பாத்து அழுதிருக்கேன். இன்னிக்குத்தான் அதைக் கும்பிடத் தோணுது.” எஸ்தர் கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் ஒன்றும் தென்படவில்லை. பிறகு ஒரு சிவப்பணுவுக்குள், ஊதாக் கல் வைத்த மோதிரம்போல, மலேரியாக் கிருமி தெரிந்தது. மைக்ரோஸ்கோப்பின் குமிழைத் திருகி மறுபடி பார்த்தாள். கல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் தமயந்தி அந்த அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். “இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமாக்கா?”