இந்த வருடச் சேலை

சேலையைப் பிரித்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

சந்தன நிறம்.

ஆண்டு விழாவுக்கு ஆசிரியைகள் எல்லாரும் ஒரே மாதிரிச் சேலை கட்ட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஆறு வருடமாக அதைத் தேர்ந்தெடுப்பது ஜெசிந்தா டீச்சர். மெரூன், கருநீலம், பாட்டில் பச்சை, மறுபடி மெரூன், காப்பிக்கொட்டை நிறம், மறுபடி கருநீலம். மேடையில் நின்றால் பின்னால் தொங்கும் திரை எது, டீச்சர்கள் எது என்று தெரியாது. ஜெசிந்தாவுக்கு ரசனையே கிடையாது என்று ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லிச் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

இந்த வருடம் பார்த்து ரசனை வந்துவிட்டது.

மற்றவர்களுக்கு ஒரே சந்தோஷம். கணக்கு டீச்சர் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் அழகு பார்த்தாள்.

அவள் விரல் மடக்கி நாள் எண்ணினாள். விழா அன்று அவளுக்கு இரண்டாம் நாள்.

இரண்டாம் நாள் என்றால் என்னவென்று எட்டு வருடம் பார்த்துவிட்டாள். இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓட்டம். பையில் எப்போதும் ஒரு மாற்றுப் பாவாடை. மெத்தை வைத்த நாற்காலி பக்கமே போகமாட்டாள். பிளாஸ்டிக் நாற்காலிதான், அதிலும் நுனியில்தான். ரத்த அளவு ஆறுதான் இருக்கிறது, எப்படி நடமாடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோதுதான், தனக்கு மூச்சு வாங்குவது வயதால் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கர்ப்பப்பையில் நான்கு கட்டிகள்.

கர்ப்பப்பையோடு எடுத்துவிட்டால் தொல்லை ஒரேயடியாகத் தீரும். கட்டியை மட்டும் எடுத்தால் மறுபடி வரலாம். நடுவில் ரத்தம் நிற்காவிட்டால் எப்படியும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கும். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயது. ஒரு பிள்ளையாவது வேண்டும் என்று ஆசை. கட்டியை மட்டும் எடுங்கள் என்று சொல்லிவிட்டு, மற்றதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றை எடுத்தார்கள். கர்ப்பப்பை தப்பித்தது.

நான்காவது சுண்டைக்காய் அளவு. ஆழத்தில் இருந்தது. தோண்டினால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். வளரலாம், வளராமலும் போகலாம்.

பிறகு இரண்டு மாதமும் ஊரில் எல்லாருக்கும் வருவது போலத்தான் வந்தது. மூன்றாவது, விழாவோடு வருகிறது.

ஒரு சுண்டைக்காயை நம்பிச் சந்தன நிறம் கட்டுவதா.

சேலையை மடித்து உறையில் போட்டாள். காய்ச்சல் என்று சொல்லி விழாவுக்கு வராமல் இருந்துவிடலாம். ஏற்கெனவே பழகிய பொய்தான்.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பயமா இருந்தா சொல்லுங்க டீச்சர். எல்லாருக்குமே மெரூனா மாத்திருவோம். கடையில எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். பிளவுஸ் துணிய வெட்டாம இருந்தா திருப்பி எடுத்துக்கிடுவாங்க. அதான் நாளைக்கு வரைக்கும் யாரும் வெட்டாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டு, சுவரில் இருந்த பாடவேளை அட்டவணையை அதிசயமாகப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்.

மெரூன். கருநீலம். பாட்டில் பச்சை.

அவளுக்கு ஏழு வருடத்துக்கு முந்தைய விழா நினைவுக்கு வந்தது. அன்று எல்லாருக்கும் யானைத்தந்த நிறச் சேலை. மேடைப் படியில் அவள் இறங்கும்போது ஜெசிந்தா பின்னாலேயே அவள் முதுகை ஒட்டிக்கொண்டு வந்தார். இந்த அம்மா ஏன் இப்படி இடிக்கிறார் என்று அவளுக்கு எரிச்சல். கழிப்பறை வாசல் வரை அப்படியே வந்தார். உள்ளே போய்ச் சேலையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதைப் பற்றி ஜெசிந்தா ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த வருடம் சேலை எடுக்கிற வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆறு வருடக் கேலியையும் சேர்த்து. அவள் சிரித்த சிரிப்பையும் சேர்த்து.

ஆபரேஷன் முடிந்து அவள் தேறிவிட்டாள் என்று எடுத்த இந்தச் சந்தன நிறமும் அவளுக்காகத்தான்.

நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் முதலில் வந்தது. அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். விழுங்கிக்கொண்டாள்.

மெரூன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாற்றிவிடுவார். எட்டுப் பேரும் அவரைப் பிடித்துக் காய்ச்சுவார்கள். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

அவள் சேலையை மறுபடி வெளியே எடுத்தாள். முழுதாகப் பிரித்தாள். முனையில் பிளவுஸ் துணி சேலையோடு சேர்ந்தே இருந்தது.

மேசை மேல் சார்ட் வெட்டுகிற கத்தரிக்கோல் கிடந்தது.

“கொஞ்சம் இந்த ஓரத்தைப் பிடிங்க டீச்சர்.”

ஜெசிந்தா திரும்பினார். கத்தரிக்கோலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

வெட்டு கோணலாகத்தான் போனது. போகட்டும், தையல்காரர் பார்த்துக்கொள்வார்.

விழா அன்று மேடைப் படியில் எங்கே நடந்து வருவீர்கள் என்று அவள் ஜெசிந்தாவைக் கேட்கவில்லை.