சோதித்தேன், நன்றாக ஓடுகிறது

"உன் ஓலோமோட்ஸ் அம்மணி மூணு வருஷமா புளுகிட்டு இருக்காங்கடா" என்றான் ஓட்டோ, பீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு.

எதிரே உட்கார்ந்திருந்த லுபோஷ் தன் குவளையைப் பாதியிலேயே கீழே வைத்தான்.

சனிக்கிழமை மதியம் என்றால் இருவரும் செக் நாட்டு பிர்னோ நகரில் அந்த ஒரே மதுக்கடையில்தான் இருப்பார்கள். லினக்ஸ் கணினிகளில், திரைக்குப் படம் அனுப்பும் பழைய கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளைக் கவனித்துக்கொள்வது இவர்கள் பொறுப்பு. சம்பளம் கிடையாது, தலைவலி மட்டும் தாராளம். அதில் இருபது வருஷத்துக் கிழட்டுக் கார்டு ஒன்றுக்கு ஆதரவை நிறுத்திவிட வேண்டும் என்று ஓட்டோ வருஷா வருஷம் ஒற்றைக் காலில் நிற்பான். லுபோஷ் குறுக்கே விழுந்து தடுப்பான். உலகத்தில் ஒரே ஒரு ஆள் பயன்படுத்தினாலும் அந்தக் கார்டைக் கைவிடக் கூடாது என்பது இவர்களுக்குள் ஒரு சட்டம்.

அந்த ஒரே ஆள் ராட்கா. ஓலோமோட்ஸில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் திரை மினுக்மினுக்கென்று வெட்டுகிறது என்று எழுதினாள். லுபோஷ் மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும், "சோதித்தேன், நன்றாக ஓடுகிறது" என்று அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிடும். கீழே நாலு வரி சொந்தக் கதை இருக்கும். பிளம் கொழுக்கட்டை கொதிநீரில் உடைந்து கூழானது, இருமல் மருந்து வாங்க வந்த பாதிரியார் நாற்காலியிலேயே தூங்கிப்போனது, இப்படி ஏதாவது. லுபோஷ் பதிலுக்கு நாற்பது வரி எழுதுவான். எழுதிவிட்டு அடுத்த பதிப்பை எப்போது வெளியிடலாம் என்று நாட்காட்டியைப் பார்ப்பான்.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. லுபோஷுக்கு நாற்பத்து நாலு வயது, தனிக்கட்டை. கார்டு போனால் கடிதமும் போய்விடுமே என்பதுதான் அவன் கவலை. ஓட்டோவிடம் இதைச் சொன்னால் மானம் போகும்.

ஓட்டோ விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தான். பழைய சாமான் சந்தையில் அதே கார்டு கிடைத்ததாம். மாட்டிப் பார்த்தால் திரை முழுக்கக் கறுப்பு. பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தானாம். மூன்று வருஷமாக எந்தப் பதிப்பிலும் அந்தக் கார்டு வேலையே செய்யவில்லை.

"ஆனா அம்மணி மட்டும் விடாம 'நன்றாக ஓடுகிறது'ன்னு எழுதறாங்க. கறுப்புத் திரையில என்னத்தடா பாத்தாங்க?"

லுபோஷ் முணுமுணுத்தான். "அவங்க பொய் சொல்ற ஆள் இல்லடா."

வெள்ளிக்கிழமை வரும் பதிப்போடு அந்தக் கார்டுக்குக் கும்பிடு என்று ஓட்டோ தீர்மானமாகச் சொல்லிவிட்டான். எந்த மடையன் இதைக் கெடுத்தது என்று வீட்டுக்குப் போனதும், டிரைவரில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பட்டியலைத் தோண்டப்போவதாகவும் சொன்னான்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ குடி" என்றான் லுபோஷ் அவசரமாக. "நாளைக்கே ஓலோமோட்ஸ் போய் நேர்லயே கேட்டுட்டு வந்துடறேன்."

"அங்க கார்டே இல்லன்னா?"

"இல்லன்னா என் கையாலயே அதைத் தூக்கிடறேன். போதுமா?"

அன்று இரவே வருவதாக ராட்காவுக்கு எழுதி வீட்டு முகவரி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ரயில் ஏறினான். இஸ்திரி போட்ட சட்டை, ஏழு பூ வைத்த பூங்கொத்து. கதவைத் திறந்த ராட்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அவனைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. அவன் காலணியைக் கழற்றி, அவள் நீட்டிய வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"உங்க எழுத்தைப் பாத்து ரொம்ப வயசானவர்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

காப்பி வந்தது. லுபோஷ் கணினி என்று வாயெடுத்தான். பூண்டு சூப் வந்தது. கார்டு என்று ஆரம்பித்தான், வாத்துக்கறி வந்தது. சாப்பிட்டு முடித்து மறுபடி தொண்டையைச் செருமினான். கசகசா வைத்த கேக் வந்தது. அதற்கு மேல் அவளிடம் கொண்டுவர ஒன்றும் இல்லை. லுபோஷ் தயங்கித் தயங்கி, ஓட்டோ கண்டுபிடித்ததை அப்படியே சொன்னான். வெள்ளிக்கிழமை கெடுவையும் சொன்னான்.

ராட்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நான் சோதிக்கவே இல்லீங்க" என்றாள். "அந்தக் கம்ப்யூட்டர் நாலு வருஷத்துக்கு முன்னாடியே புகைஞ்சு போச்சு. கார்டோட சேத்துத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டேன். அதை எழுதிட்டா அப்புறம் நீங்க எதுக்கு எனக்குப் பதில் போடப்போறீங்க? உங்க லெட்டர் நின்னுடுமேன்னு பயம். அதான் ஒவ்வொரு தடவையும் பாக்காமலே எழுதி அனுப்பிட்டேன். உங்க வேலையைக் கெடுத்துட்டேன், திட்டறதா இருந்தா திட்டிடுங்க."

அவளுக்குக் கண் கலங்கியது. லுபோஷ் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எதுக்குங்க சிரிக்கறீங்க?" என்றாள் அவள் பயந்துபோய்.

லுபோஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்த டிரைவரை வேணும்னே கெடுத்து வச்சது நான்தாங்க. திரை கறுப்பாயிடுச்சுன்னு நீங்க எழுதுவீங்க, சரி பண்ற சாக்குல அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்து உங்களைப் பாத்துடலாம்னு பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தேன். நீங்க என்னடான்னா பாராட்டிப் பாராட்டியே என்னைப் பிர்னோவுல உக்கார வச்சுட்டீங்க."