கழலாத சக்கரம்

“விடாதீங்க மாமா, இன்னும் ரெண்டு போடுங்க! அதென்ன அவ்வளவு திமிரு அதுக்கு!” என்று மைத்துனர் உசுப்பேற்றினார். டிரைவர் சம்மட்டியை ஓங்கி இறக்கினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அடி வாங்கியது ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸின் முன்சக்கரம். ஐந்து நட்டுகளையும் கழற்றித் தட்டில் போட்டுப் பத்து நிமிடம் ஆகியும், பற்றவைத்ததுபோல் அசையாமல் நின்றது.

மூன்று வாரத்துக்கு முன் நடுரோட்டில் பின்டயர் பஞ்சரானபோதும் இப்படித்தான். டிரைவர் உதைத்துப் பார்த்தார், கம்பியால் நெம்பிப் பார்த்தார்; சக்கரம் கழலவே இல்லை. வேறு வண்டி வருவதற்குள், உள்ளே படுத்திருந்த பிள்ளைத்தாய்ச்சி போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் வண்டியைத் தொடவில்லை, சாப்பாடும் பேருக்குத்தான். “அந்த மனுஷனை மறுபடி வண்டியில உட்கார வைடா, இல்லைன்னா எனக்கு அவர் இல்லை” என்று மனைவி தன் தம்பியை ஏவி, அவரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துவரச் செய்திருந்தாள். நாலு சக்கரத்தையும் சரிசெய்யாமல் ஸ்டியரிங்கைப் பிடிக்க மாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டார். மூன்று முடிந்து, இது கடைசி.

தம்பி தையல்காரர். இரும்பு கத்தினால் அவருக்குப் பொறுக்காது. வந்ததும் வராததுமாக, கிறீச்சிட்ட ஷெட் கதவின் வாயை, யாரும் கேட்காமலே அடைத்துவிட்டார்.

அடுத்த அடியில் சக்கரம் படாரென்று விட்டது. மெக்கானிக் டார்ச்சை அடித்துக் காட்டினார்.

“பாத்தியா? சக்கரம் உக்கார்ற ஹப்பு இது. துரு ஏறி ரெண்டும் ஒண்ணாக் குடும்பம் நடத்துது. கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, கிரீஸை மெல்லிசா ஒரு பூச்சு. அவ்வளவுதான் வைத்தியம்.”

“இந்த அஞ்சு நிமிஷ வேலையை அன்னிக்கே செஞ்சிருந்தா, அண்ணே...”

“பேசாம தேய்.”

இருவரும் சக்கர வளைவுக்குள் தலையை விட்டுத் தேய்த்தார்கள். கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது. மைத்துனர் பின்னால், நட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

கிரீஸ் தடவும்போது மெக்கானிக், டிரைவரின் காதோடு சொன்னார்: “போல்ட்டுல மட்டும் பட்டுறக் கூடாது. போல்ட்டும் நட்டும் காஞ்சுதான் இருக்கணும். வழவழன்னு ஆச்சுன்னா ஓட்டத்துல தானாக் கழண்டுக்கும். அப்புறம் சக்கரம் தனி, வண்டி தனி.”

டிரைவர் ஒவ்வொரு போல்ட்டையும் துணியால் மூன்று முறை துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. மலைமேல் கல்குவாரியில் மண் சரிந்து ஏழு பேர் உள்ளே. இன்னொரு ஆம்புலன்ஸ் வெளியூரில். டிரைவர் போனை பெஞ்சில் வைத்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன மாமா மலைச்சு நிக்கிறீங்க? ஏழு உசுரு. கிளம்புங்க!” என்றார் மைத்துனர்.

அதுதான் அவரை உலுக்கியது. மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, டிரைவர் தட்டிலிருந்து நட்டுகளை அள்ளி மளமளவென்று முடுக்கினார்.

“என்னண்ணே இது, சல்லுனு ஏறுது!” மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் சிரித்தார்.

“உனக்கு நல்ல நேரம் வந்துடுச்சு. ஓடு!”

ஜாக்கி இறங்கியதும் வண்டி சைரனோடு பாய்ந்தது. சத்தம் மலைப்பாதைப் பக்கம் ஏறித் தேய்ந்து மறைந்தது. மெக்கானிக் ஒரு பெருமூச்சு விட்டு, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

பெஞ்சில் செல்போன் மறுபடி அடித்தது. டிரைவர் அதை எடுக்காமலே போயிருந்தார். திரையில் தெரிந்த பெயரைப் பார்த்துவிட்டு மைத்துனர் எடுத்தார்.

“அக்கா, அழாதே. மாமா கிளம்பிட்டாரு. அதே பழைய வேகம்! ஆமா, சிரிச்சாருக்கா, என் கண்ணால பாத்தேன். இனிமே ஜென்மத்துக்கும் மாட்டாது. சக்கரத்தை இவங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாங்க.”

மெக்கானிக்கைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, பெருமையோடு சொன்னார்:

“நட்டுக்கெல்லாம் நான்தான் எண்ணெய் விட்டேன்.”