சாவிப்பெட்டியில் பசை

சனிக்கிழமை காலை. காப்பியோடு சன்னலில் உட்கார்ந்து, எதிர்வீட்டு வாசலில் ஒரு ஜோடி மழையில் நனைவதை அதெலினோ ரசித்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் வைத்த பெட்டி. கழுத்தில் கேமரா. கையில் லிஸ்பன் வரைபடம். வாடகைக்கு வருகிறவர்களுக்காக வீட்டுச் சாவியை உள்ளே வைத்து வாசல் கம்பியில் தொங்கவிட்டிருந்த சாவிப்பெட்டியின் பூட்டு எண்களை அவன் திருகினான், திறக்கவில்லை. அவள் திருகினாள், திறக்கவில்லை.

திறக்காது. முந்தின நாள் சாயங்காலம் அதற்குள் பசை ஊற்றியவரே அதெலினோதான். அவர் கட்டைவிரலில் அது இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

அவர் ஐம்பது வருடம் தொழிலாளர் போராட்டத்தில் ஊறியவர். அந்தத் தெருவில் குடியிருந்த நாற்பது குடும்பங்களில் மிச்சம் ஏழு. மற்றவர்களையெல்லாம் கட்டட முதலாளிகள் துரத்திவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, வீடுகளை நாள் வாடகைக்கு ஊர்சுற்றிகளுக்கு விட்டுவிட்டார்கள். உழைத்தவனை விரட்டிவிட்டு அவன் படுத்திருந்த அறையை அழகு என்று படம் பிடிக்கிறவர்களை அவரால் மன்னிக்க முடியாது. மன்னிக்கவும் கூடாது.

இருவரும் தெருவைக் கடந்து வந்து அவர் கதவைத் தட்டினார்கள்.

"ஐயா, எதிர்வீட்டுச் சாவிப்பெட்டி…" என்று அவன் ஆரம்பித்தான்.

"தெரியும். மூணாம் மாடி. ரெண்டு நாளைக்கு ராஜா ராணியா இருந்துட்டுப் போலாம்னு வந்திருக்கீங்க."

அவர்கள் பேசியது உள்நாட்டுப் பேச்சு. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

"வெளிநாட்டுக்காரன்னாலாவது தெரியாம வர்றான்னு விட்டுடலாம். நீங்க நம்ம ஊர்ப் பேச்சைப் பேசிக்கிட்டே நம்ம ஜனங்களைத் துரத்தின வீட்ல போய்ப் படுக்குறீங்களே. சோறு எப்படி இறங்குது?"

அவன் பெயர் ஈவோ, அவள் தெல்மா. விடியற்காலை ரயிலில் வந்ததாகவும், நாளை மதியம் திரும்ப வேண்டும் என்றும், வாடகைக்கு விட்டவன் போனை எடுக்கவில்லை என்றும் அவன் பணிவாகச் சொன்னான். தங்கக்கூட வேண்டாம், பத்து நிமிடம் உள்ளே போனால் போதுமாம்.

"பத்து நிமிஷத்துல எதைப் பாத்துக் கிழிக்கப்போறீங்க?"

"சமையல்கட்டுச் சுவரை," என்றாள் தெல்மா.

அதெலினோ சிரித்தார். "கோட்டையைப் பாத்தாச்சு, கோயிலைப் பாத்தாச்சு, இப்ப ஏழை வீட்டு அடுப்படி பாக்கியாக்கும். கட்டணம் எவ்வளவு வாங்குறான்?"

ஈவோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதெலினோ விடவில்லை. மேடைக் குரல் வந்துவிட்டது.

"அது யாரு சமையல்கட்டு தெரியுமா? எர்மெலிந்தாவோடது. கல்யாணமான அன்னிக்கு அந்த வீட்டுக்குள்ள வந்தவ. ஐம்பத்தோரு வருஷம் மீன் வித்துப் பிழைச்சா. போலீஸை வச்சு இறக்குனாங்க. மறிச்ச என்னை ரெண்டு நாள் உள்ள வச்சாங்க. அந்த ஏக்கத்துலயே செத்தா அவ. நாலு வருஷமா மே தினத்துக்கு மே தினம் அவ பேரைச் சொல்லித்தான் பேசறேன். அவ பொணத்து மேல பாய் விரிச்சுப் படுக்கத்தான் இந்தப் பெட்டியை இழுத்துக்கிட்டு வந்திருக்கீங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க செத்துட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள் தெல்மா.

யாரும் சொல்லவில்லை. ஒரு மே தினத்தில் பேச்சு சூடேறியபோது அது வாயில் வந்தது. கைதட்டல் விழுந்தது. அடுத்த வருடம் துண்டறிக்கையில் அச்சேறியது. அதற்குப் பிறகு அவரே அதை நம்பிவிட்டார்.

தெல்மா விவரம் சொன்னாள். மூன்று மணி நேர ரயில் பயணத் தூரத்தில், கஸ்தெலோ பிராங்கோ என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம். ஈவோவும் தெல்மாவும் அங்கே பணியாட்கள். பதினோராம் அறையில் எர்மெலிந்தா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். சில வாரங்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் கேட்பது ஒன்றே ஒன்று. குடிவந்த அன்று, கல்யாண ஒயின் போதை இறங்காத கையோடு, அவள் புருஷன் அடுப்புக்கு மேலே பூப்போட்ட ஒரு நீல டைல்ஸைத் தலைகீழாகப் பதித்துவிட்டான். பூவின் காம்பு வானத்தைப் பார்க்கும். அவன் சாகும்வரை அதற்காக அவனைத் திட்டினாள். ஆனால் யாரையும் பெயர்த்தெடுக்க விடவில்லை. அது இருக்கிறதா, உடைத்துவிட்டார்களா?

"வீட்டு விளம்பரப் படத்துல அந்த இடத்தை ஃபிரிட்ஜ் மறைக்குது," என்றாள் தெல்மா. "வீட்டுக்காரனைக் கேட்டா, வாடகை கட்டிட்டு வந்து பாருன்னுட்டான். அதான் ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு வந்தோம்."

அதெலினோ கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"தெருவுல இத்தனை கதவு இருக்கே. என் கதவை ஏம்மா தட்டினீங்க?" குரல் இறங்கியிருந்தது.

தெல்மா கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எர்மெலிந்தாவின் நடுங்கிய கையெழுத்து.

'உள்ளே போக ஏதாவது இடைஞ்சல் வந்தால் எதிர்வீட்டு அதெலினோவைத் தட்டுங்கள். எனக்காக எந்தக் கதவையும் திறந்துவிடுவார். நாலு வருஷமாக ஏன் எட்டிப்பார்க்கவில்லை என்று மட்டும் அவரைக் கேட்டுவிடாதீர்கள். பாவம், எனக்காகப் போராடிக்கொண்டிருப்பார்.'